சேறு போடும் சத்தம்

டிராக்டர் சேறடித்தபோது அதன் சுழல்கலப்பையிலிருந்து முறிந்து விழுந்த கத்தி ஒன்று வயலுக்குள் எங்கோ கிடக்கிறது. நடவுக்கு வந்த பெண்கள் காலை வைக்காமல் வரப்பிலேயே நிற்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் நெடுஞ்செழியன் மெட்டல் டிடெக்டரைச் சேற்றின் மேல் வீச, அது போகிற இடமெல்லாம் கத்துகிறது. “ஏன்டா, வயலு பூரா இரும்பா? காயலான் கடைக்கே போட்டுடலாமே!” என்கிறாள் நடவுக்காரி குந்தவை. வரப்பே சிரிக்கிறது. “சேறுதான்க்கா கத்துது. ஈரக் களிமண்ணு இதுக்கு இரும்பு மாரியே கேக்கும். இருங்க, அத அடக்குறேன்.” கருவியின் அடித்தட்டை ஒரே இடத்தில் ஏற்றி இறக்கி, இரைச்சல் ஓயும்வரை குமிழைத் திருகுகிறான். இப்போது மடையில் நீர் விழுவது மட்டும் கேட்கிறது. சேற்றை உரசிக்கொண்டு, வெயில் மின்னும் நீரில் தட்டு மெல்ல நகர்கிறது. ஓரிடத்தில் வெடுக்கென்று ஒரு சத்தம். திரும்பி வந்தாலும் அங்கேயே அதே சத்தம். முழங்கைவரை கையை விட்டு, வளைந்த கத்தியை உருவி வரப்பில் எறிகிறான். மிச்ச வயலையும் கடைசி மூலைவரை தடவிப் பார்க்கிறான். கருவி வாய் திறக்கவில்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சேற்றின் நடுவே திரும்பி நடக்கிறான். “பாத்துடா, நண்டுக்கெல்லாம் அது கத்தாது!” என்றபடி நாற்றுமுடியோடு வயலில் இறங்குகிறாள் குந்தவை.