சத்தம் போகாத ஹெட்செட்

உழைப்பவனுக்கு முதல் தேவை அமைதி. அதைத் தேடித்தான் குமாஸ்தா ஆபீஸ் நேரத்தில் ஹெட்செட் கடைக்கு வந்திருந்தார். போன தடவை “காய்ச்சல், சார்” என்றபோது பஸ் ஹாரன் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொரு தடவை மாட்டினால் வேலை போய்விடும்.

“சந்தையில நின்னு பேசினாலும் உங்க குரல் மட்டும்தான் சார் போகும்,” என்றாள் விற்பனைப் பெண்.

ஒன்றை மாட்டிக்கொண்டு மேலாளரை அழைத்தார்.

“சார், காய்ச்சல். போர்த்திப் படுத்திருக்கேன்.”

“குரல்லயே தெரியுதுய்யா. ரெஸ்ட் எடு. நான் இங்க ஹெட் ஆபீஸ் மீட்டிங்ல மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கேன்.”

கடைப் பாட்டு கூரையைப் பிளந்தும் மேலாளருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. குமாஸ்தா பூரிப்போடு ஹெட்செட்டைக் கழற்றினார்.

“உடம்பைப் பாத்துக்கய்யா,” என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினார். விலைச்சீட்டு தொங்கும் ஹெட்செட்டோடு மேலாளர் நின்றிருந்தார்.