டிரைவர் இல்லை

ரத்த வங்கியின் கணினியை அன்று காலைதான் மாற்றியிருந்தார்கள். குமுதினி கொடையாளர் விவரத்தைத் திறந்ததும் திரை, ‘டேட்டாபேஸ் டிரைவர் இல்லை’ என்றது. பிரசவ அறையில் உதிரம் நிற்காமல் கிடந்தவளுக்கு வேண்டியது அபூர்வமான பம்பாய் வகை ரத்தம். அதைத் தரக்கூடியவர்களின் போன் எண்கள் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

“டிரைவர் இல்லையாமே,” என்று முனகினாள்.

பிரசவ அறையில் இருந்தவளின் அப்பா சுடலைமுத்து வாசலிலிருந்து உள்ளே பாய்ந்து வந்தார். “நான் லாரி ஓட்டுதவன்தாம்மா. சாவியக் குடுங்க. எங்க போவணும்?”

“இது வேற டிரைவர், அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற புரோகிராம்.”

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

குமுதினி புது டிரைவரை இறக்கி ஏற்றினாள். மறுபடியும் அதே பிழை. மென்பொருள் பழையது, அதற்குப் பழைய டிரைவர்தான் ஒத்துப்போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைத் தேடிப் பிடித்து ஏற்றினாள். திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். “அக்கா, பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு!”

விவரம் திறந்தது. இரண்டே பெயர்கள். முதல் எண்ணின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்ததில் ஒரு பெண் எடுத்தாள். குமுதினி சொல்லி முடிக்கும் முன்பே, “எந்த ஆஸ்பத்திரி?” என்றாள். இடத்தைச் சொன்னதும் பேச்சு நின்று, ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. சுடலைமுத்து குனிந்து போனருகே காதை வைத்தார். அவள் மறுபடி உதைத்தாள். இன்னொரு முறையும் உதைத்தாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை.