லண்டன் கிழவரும் அமெரிக்கப் பையனும்

“ஏம்மா, வாயே தொறக்க மாட்டேன்றியே, ஊட்லயும் இப்டித்தானா?” என்று ஆவடி பிரவுசிங் சென்டர் முதலாளி ஹாஜா மொய்தீன் ஒருமுறை கேட்டார். வீட்டில் பேசிக் களைத்துத்தான் வேலைக்கு வருகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முதல் கேபின் பெரியவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான், கடைசி கேபின் இளைஞனை உள்ளே விடுவேன். இருவரும் முகம் தெரியாதவர்களோடு உலக விஷயம் வாதாடுகிறவர்கள். சாட் அறையைத் திறந்து கொடுப்பது என் வேலை.

“எவனோ லண்டன் கெழவன். ஒவ்வொரு பதிலையும் ‘தங்கள் உண்மையுள்ள’ன்னு லெட்டராட்டம் முடிக்கிறான். ஆனா கொசோவோ சண்டையப் பத்தி பேசுனா, சூரன்!” என்று சிரிப்பான் இளைஞன்.

“அமெரிக்காக்காரப் பையன் போல. இன்னா மரியாதையா பேசறான்! நம்ம ஊட்லயும் கீதே ஒண்ணு” என்பார் பெரியவர்.

அன்று கம்ப்யூட்டர் மனிதர்களின் வேலையைப் பறிக்குமா என்று வாதம். இளைஞன் என்னைக் கூப்பிட்டு, வந்த பதிலைத் தமிழில் சொல்லிக் காட்டினான்.

“நான் டைப்பிஸ்டா இருந்தேன். என் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வித்ததே என் பையன்தான். வேலை போன நாள்லேர்ந்து அவனோட நான்...”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“அங்கம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஊட்ல ரெண்டு பேருக்கும் நடுவுல பேசிப் பேசி என்னால முடியலண்ணா. இங்கயாவது நீங்களே பேசிக்கட்டும்னுதான்.”

அண்ணன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ‘மன்னிச்சிடுப்பா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினான்.

முதல் கேபின் திரை விலகியது. அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.