பூட்டிவிட்டு வந்த வீடு

“ஒரு மாசத்துல திரும்பி வந்துருவீங்கன்னு எப்படி நம்புறது? வீட்டுல யார் இருக்கா?” என்றாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விசா அதிகாரி. மகனைப் பார்க்கப் போயாக வேண்டும். மனைவியை அடக்கம் செய்ததிலிருந்து தனியாக இருக்கும் தேவசகாயம், “ஆள் இருக்கும்மா” என்று பொய் சொன்னார். அவள் அப்போதே வீட்டு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். பூட்டிவிட்டு வந்த வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டபோது யாரோ எடுத்தார்கள்.

“அவுக இன்னும் வரலியே. மீன்கொழம்பு ஆறிப்போவுது.”

அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தாள். தேவசகாயம் கண்ணாடிக்குக் கீழிருந்த இடுக்கில் கையை நுழைத்துப் பாஸ்போர்ட்டைப் பற்றினார்.

“குடுத்துருங்கம்மா. நான் வீட்டுக்குப் போகணும்.”