ஒரு கட்டம் பாக்கி

"இன்னாம்மா, சாரு அனுப்ச்சிட்டாரா?"

"இன்னும் இல்லப்பா."

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு முத்துவேல் மகளுக்குப் போன் செய்தது, அன்று அது ஆறாவது தடவை.

இளமதி பெங்களூரில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாமே இலவசம். மார்க் ஷீட் முதல் போட்டோ வரை போய்ச் சேர்ந்தாயிற்று. இயற்பியல் ஆசிரியர் புருஷோத்தமன் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டிய பரிந்துரைக் கடிதம் மட்டும் போகவில்லை. கேட்டுப் பதினோரு நாள். கெடு இன்று மாலை ஐந்து மணி.

"எப்படி அனுப்புவாரு?" என்றார் பக்கத்து ஆட்டோ ஏகாம்பரம். "அவரு புள்ளையும் அதே காலேஜிக்குத்தான் போட்டுக்கீறான். ஒன் பொண்ணு போனா அவனுக்கு எடம் இன்னா ஆவும்?"

முத்துவேலுக்குச் சுரீரென்றது. ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பேரை ஏகாம்பரத்தின் வண்டிக்கு மாற்றிவிட்டு, நேரே பள்ளிக்கூடத்துக்கு விட்டார்.

மணி நாலு முப்பத்தைந்து. ஆசிரியர் அறையில் புருஷோத்தமன் மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க புள்ளைக்கு மட்டும் கடுதாசி போயிடுச்சா சார்?"

"அவனுக்கு நான் எழுதக்கூடாது. அப்பா எழுதினா செல்லாதாம்." புருஷோத்தமன் திரையைத் திருப்பினார். "உங்க பொண்ணுக்கு ரெண்டு பக்கம், கேட்ட அன்னிக்கே எழுதிட்டேன். இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. 'மாணவியிடம் உள்ள ஒரு குறை'ன்னு காலேஜ்காரன் கேக்கறான். காலியா விட்டா அனுப்ப முடியலை. பொய் எழுதவும் மனசு வரலை. என் பையனா இருந்தா கட்டம் போதாது. நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க."

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முத்துவேல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காத்தால எழுப்பினா... இல்ல சார், அதுதான் என்னை எழுப்பும்."

"வேற?"

"எப்பப் பாரு போனை நோண்டிக்கினு கீது!"

"போன்ல என்ன?"

"ஒங்க பாடம்தான்."

"அது குறையில்லை. மணி நாலு ஐம்பது!"

"வண்டியில அளவுக்கு மேல ஆள் ஏத்தினா கூச்சல் போடும் சார்."

"அது உங்க குறை."

முத்துவேல் தலையைச் சொறிந்தார். "அப்போ எழுதுங்க. அப்பன் பேச்சைக் கேக்காது."

"நிஜமாவா?"

"சத்தியமா சார்."

புருஷோத்தமன் தட்டினார். நாலு ஐம்பத்தேழுக்குக் கடிதம் போயிற்று. இருவருக்கும் மூச்சு வந்தது.

"அப்படி என்ன பேச்சு கேக்கலை உங்க பொண்ணு?"

அதற்குள் முத்துவேல் வாசலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பதினோரு நாளா ஒங்களைத் திட்டிக்கினு கீறேன் சார். அதுல ஒண்ணைக்கூட நம்ப மாட்டேன்னுடுச்சி."