அசல் கோடை

ஏணியில் நின்றபடி, மரத்தில் மறைத்திருந்த ஸ்பீக்கருக்குள் செத்துக் கிடந்த சில்வண்டுகளை அவசரமாகச் சாக்கில் வாரிப் போட்டாள் குணவதி. ஸ்பீக்கர் சில்வண்டு போலவே கத்திக்கொண்டிருந்தது.

"சீக்கிரம்மா, ஆபீசர் வந்தாச்சு. இங்க கேக்குறது நிஜ வண்டுச் சத்தம்னு 'அசல் கோடை' சான்றிதழ் கிடைச்சா உனக்கும் வேலை நிரந்தரம்," என்றார் ரிசார்ட் மேனேஜர் சபாபதி.

ஆபீசர் மரத்தடியில் வந்து நின்று கண்ணை மூடிக் கேட்டார்.

"ஸ்பீக்கர் வச்சு ஏமாத்துற இடமெல்லாம் பார்த்திருக்கேன். இது அசல். என் காது ஏமாறாது."

இந்தக் காதுக்கு அரசாங்கச் சம்பளம் வேறு. வேலை போனால் போகட்டும் என்று சாக்கை அவர் காலடியில் கவிழ்த்தாள் குணவதி.

"பாருங்க, எவ்வளவு வண்டு," என்று பூரித்தார் ஆபீசர்.

"கத்துறது ஆண் வண்டு மட்டும்தான் சார். இதுல ஒண்ணுகூட ஆண் இல்ல. அத்தனையும் இந்த மேனேஜரோட ஸ்பீக்கரைப் புருஷன்னு நம்பி வந்து, அதோட சூட்டுல செத்த பொட்டைங்க."