இன்ஜின் சூடு

கிழவர் பைக்கைச் சுற்றிப் பார்க்கும் முன்னாலேயே இன்ஜினில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தம்பி மகளைப் பார்த்தார். வேண்டாம், போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

பழைய வண்டி விற்கிறவன், வாங்குகிற ஆள் வருவதற்கு முன்பே அதைக் கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறான். ஆறின இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து அவர் படித்தது இது. பள்ளிக்கூடத்தில் படித்தது இதைவிடக் குறைச்சல்.

பட்டறையில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். யார் பழைய வண்டி வாங்கினாலும் முதலில் சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்கள். அவர் தலையாட்டினால்தான் வாங்குவார்கள்.

தம்பி மகளுக்கு ஒரு வருஷமாக இந்த மாடல் வண்டி மேல்தான் கண். ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆள் குள்ளம். பெரிய வண்டி எதில் உட்கார்ந்தாலும் கால் தொங்கும். இது ஒன்றுதான் அவளை இரண்டு காலையும் தரையில் ஊன்ற விட்டது.

இரண்டு சிலிண்டர். விரித்த இரண்டு விரல் மாதிரி, ஒன்று முன்னால் சாய்ந்தும் ஒன்று பின்னால் நிமிர்ந்தும் இருந்தன. அதனால் இன்ஜினுக்கு அகலமே இல்லை, இடுப்பு ஒடுங்கிய வண்டி. ஒரு ஆள் அலுங்காமல் தள்ளிக்கொண்டு போகலாம். ஓடினால் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்.

கிழவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பிளாஸ்டிக் சட்டை கிடையாது. குழாய்ப் பின்னல், வயர், நட்டு எல்லாம் வெளியே தெரிந்தது. வண்டி எதையும் மூடவில்லை. விற்கிறவர்தான் மூடுகிறார்.

விற்கிறவருக்கும் இவர் வயதுதான் இருக்கும். சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றார். பையன் வண்டி, இப்போது ஓட்ட ஆளில்லை என்றார்.

கிழவர் முட்டி போட்டுக் குனிந்தார்.

பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை. கிழியாத வலை. டயர் நின்ற இடத்திலேயே சப்பையாகியிருந்தது. ஆனால் சைலன்சருக்கு நேரே சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கரி.

சக்கரம் மாசக்கணக்கில் உருளவில்லை. இன்ஜின் மட்டும் தினமும் ஓடியிருக்கிறது. எந்தத் திருட்டுக்கு இது பொருந்தும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"இங்க பாருங்க, எதுக்குச் சூடு பண்ணி வச்சிருக்கீங்க? ஆறியிருந்தா புகை தள்ளுமா? சின்னப் பொண்ணு ஆசைப்பட்டு வந்திருக்கு. இதுல ஏறி நடுரோட்டுல நிக்கணுமா?"

புகையெல்லாம் இல்லை, காலை ஏழு மணிக்குக் கிளப்புவது பழக்கம், அவ்வளவுதான் என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாத விற்பனைக்காரனைக் கிழவர் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார்.

"பெரியப்பா, அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை பல்லையே எண்ணிப் பார்த்த ஆளு நீங்க. கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் அவள் நகர மாட்டாள். டயரில் காற்று கம்மி, மெதுவாகப் போ என்று மட்டும் கிழவர் முனகினார்.

வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. புகை இல்லை. தெருவில் இறங்கி, மூலை திரும்பி, சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று.

விற்கிறவர் அது அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்படிப் போகணும்ல. எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார்.

பிறகு சொன்னார். வெளியூர் வேலைக்குப் போன பையன் மூன்று நாள் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனான். எல்லாக் காரியமும் அங்கேயே முடிந்தது. வீட்டில் மனைவி படுத்த படுக்கை, கண்ணும் தெரியாது. திரும்பி வந்து அவளிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. பையன் வந்துவிட்டான், வேறு வேலை, காலையில் போனால் நேரம் கழித்துத்தான் வருவான், நீ தூங்கியிருப்பாய் என்று சொல்லிவிட்டார்.

வண்டி ஓட்ட இவருக்குத் தெரியாது. கிளப்ப மட்டும் தெரியும். தினமும் ஏழு மணிக்குக் கிளப்புவார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். உள்ளே போய், போயிட்டான் என்பார். சரி, பார்த்துப் போகட்டும் என்பாள். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. போன மாதம் அவளும் போய்விட்டாள். ஏழு மணியானால் இன்னும் கை சாவிக்குத்தான் போகிறது. அதனால்தான் விற்கிறார்.

கிழவர் கரி படிந்த சுவரைப் பார்த்தபடி, அந்தம்மா நம்பினாங்களா என்று கேட்டார். அவரால் அதைத்தான் கேட்க முடிந்தது.

எதிர்வீட்டம்மா, அவள் போன பிறகுதான் சொன்னாளாம். படுக்கை மாற்றிவிட வந்துகொண்டிருந்தவள் அந்த எதிர்வீட்டம்மாதான். அவளிடம் முதல் வாரமே இவர் மனைவி சொல்லியிருக்கிறாள்:

"போற வண்டி சத்தம் தூரமாப் போகும்ல. இது நின்ன இடத்துலயே நிக்குது. எனக்குத் தெரிஞ்சதுன்னு அவர்கிட்ட சொல்லிடாத. அந்த மனுஷன் காலையில எழுந்திருக்க ஏதாவது ஒண்ணு வேணும்."



தெருமூலையில் வண்டி திரும்பி வருகிற சத்தம், முதலில் லேசாக, பிறகு கிட்டத்தில் கேட்டது. விற்கிறவர் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளறையைப் பார்த்து, வந்துட்டான் என்று சொல்ல வாயைத் திறந்தார்.